பழைய ஜேசிபி மந்தமானால் பம்ப்தான் காரணமா? மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஜேசிபி மண் அள்ளுவதை ஊரே கூடி நின்று வேடிக்கை பார்ப்பதைக் கிண்டலடித்து, 2019 மே மாதம் 'ஜேசிபி கீ குதாயி' என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க டிரெண்ட் ஆனது. பார்ப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. கடன் வாங்கி வண்டி ஓட்டுபவருக்கோ ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பண்ணைக்குட்டை, வீட்டு அஸ்திவாரம், மரவள்ளிக் காட்டைச் சமன் செய்வது என எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு வாடகைக்கு இந்த வண்டிதான். பழைய வண்டி ஒன்றின் பக்கெட் மெதுவாகத் தூக்க ஆரம்பித்தால், ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். தோட்டக்காரர் அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். பட்டறைக்குப் போனால், "பம்பு போயிருச்சுங்க" என்பதுதான் பல நேரம் முதலில் காதில் விழும். ஆனால், பல சமயம் குற்றவாளி பம்ப் இல்லை!

பெயர் வந்த கதை

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரரின் பெயர்ச்சுருக்கம். 1945-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். முன்னால் அள்ளவும் பின்னால் தோண்டவும் செய்யும் இயந்திரத்தை அந்த நிறுவனம் 1953-ல் கொண்டுவந்தது. 1979-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் கால் பதித்தது. இன்று எந்த கம்பெனி வண்டியானாலும் நமக்கு அது 'ஜேசிபி'தான்.

பம்ப் என்ன செய்கிறது?

இன்ஜின் சுழற்றும் பம்ப், டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி, கண்ட்ரோல் வால்வு வழியாக சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. பம்ப் தருவது ஆயிலின் ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தைச் சுமை தடுக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. எனவே, பக்கெட் வேகம் குறைந்தால் ஓட்டம் குறைகிறது என்று பொருள். வேகம் இருந்தும் பாரம் தூக்கவில்லை என்றால் அழுத்தம் ஏறவில்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

வரிசையாகப் பாருங்கள்

1. எல்லாமே மந்தமா, ஒன்று மட்டுமா? முன் பக்கெட், பின் பக்கெட், பூம் எல்லாமே மெதுவாக இருந்தால், கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்: ஆயில், ஃபில்டர், பம்ப், மெயின் ரிலீஃப் வால்வு. ஒன்று மட்டும் மந்தம் என்றால் அதன் சிலிண்டர் சீல், ஹோஸ், ஸ்பூல் பக்கம் போங்கள். தூக்கி வைத்த பூம், லீவரைத் தொடாமலே மெல்ல இறங்கினாலும் இவற்றில்தான் கசிவு.

2. ஆயிலின் நிறம்: அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நுரை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது.

3. உறிஞ்சும் பாதை: டேங்குக்குள் இருக்கும் வலை அடைத்தாலோ, பழைய சக்‌ஷன் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொண்டாலோ பம்புக்கு ஆயில் போதாது. கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். பம்ப் முனகுவது இதற்கு அடையாளம்.

4. இன்ஜின் சத்தம்: பக்கெட் சிலிண்டரைக் கடைசிவரை நீட்டி, லீவரை இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடியுங்கள். இன்ஜின் சத்தம் சற்று அமுங்க வேண்டும். மாற்றமே இல்லை என்றால் ஆயில் சுமையைச் சந்திக்காமல் வேறு வழியில் டேங்குக்குத் திரும்புகிறது. ரிலீஃப் வால்வில் தூசி சிக்கி மூடாமல் இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

5. காலையில் சுறுசுறுப்பு, மதியம் சோம்பலா? சூடானால் ஆயில் இளகி, தேய்ந்த இடங்களில் எல்லாம் கசியும். சேலம் வெயிலோடு செம்மண் புழுதியும் சேர்ந்து ஆயில் கூலரை அடைத்தால் சூடு இன்னும் ஏறும். முதலில் கூலரைச் சுத்தம் செய்யுங்கள். கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தானா என்றும் பாருங்கள்.

கடைசியில்தான் பம்ப்

இவை எல்லாம் சரியாக இருந்தால் பிரஷர் கேஜ், ஃப்ளோ மீட்டர் வைத்து சோதிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏற ஏற பம்பிலிருந்து வரும் ஓட்டம் வெகுவாகக் குறைந்தால், பம்ப் தேய்ந்திருப்பது உறுதி. மாற்றும்போது டேங்க், ஃபில்டர், ஹோஸ்களையும் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பம்பின் இரும்புத் துகள்கள் உள்ளே தங்கினால், புதிய பம்பையும் அவை தின்றுவிடும். சோதிக்காமல் ரிலீஃப் வால்வை முறுக்கி அழுத்தம் ஏற்றுவதும் ஆபத்து, ஹோஸ் வெடிக்கலாம்.

கையால் கசிவைத் தேடாதீர்கள்!

இந்த வண்டிகளில் அழுத்தம் 200 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பதோ சுமார் 2 பார்தான். ஊசித் துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும். முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால், சில மணி நேரத் தாமதம்கூட விரலையோ கையையோ பறிக்கலாம். எனவே, அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைப் பார்க்க வேண்டும். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை விடுவியுங்கள்.

ஆயில் உடலுக்குள் புகுந்துவிட்டால், அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது' என்று மறக்காமல் சொல்லுங்கள். போன பம்பை மாற்றிக்கொள்ளலாம், கையை மாற்ற முடியாது!