எழுத்துப் படிக்க வயது ஏது?

தாசேக் கெலுகோர் பக்கம் தோட்டத்தில் பிறந்து, மலாய்ப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? வாய்நிறையத் தமிழ் பேசுவீர்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகையைப் பிறர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

வெட்கம் வேண்டாம். பிரிட்டனிலுள்ள வேல்ஸ் நாட்டிலும் பல பெற்றோர், ஆங்கிலமே பிழைப்புக்கு உதவும் என்று வெல்ஷ் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. 2021 கணக்கெடுப்பில் அதைப் பேசுவோர் சுமார் 538,000 பேரே. இன்று பெரியவர்கள் பலர் மாலை வகுப்பில் அதைக் கற்கிறார்கள். தாத்தா பாட்டியுடன் பேச வேண்டும், தம் குழந்தைக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான்.

பினாங்கில் 1816-லேயே தமிழ் வகுப்பு தொடங்கியது. உங்களுக்கோ ஆசிரியர் வீட்டிலேயே இருக்கலாம்: தமிழ்ப்பள்ளி போகும் பிள்ளை! இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதன் முதலாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, உயிர் 12, மெய் 18 என்று தொடங்குங்கள். வெளியூர் அக்காவுக்கு உங்கள் கையாலே ஒரு கடிதம் எழுத வேண்டாமா?