பெயர் ஜெர்மனி, பிறப்பு கூலிம்

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு அதைக் கடந்தார். மலேசியாவின் சொந்தக் கார் என்று நாடே கொண்டாடிய அந்த வண்டி, ஜப்பானின் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. இன்று அதே பாலத்தைத் தாண்டிக் கெடாவுக்குள் நுழைந்தால் கூலிமில் இனோகோம் தொழிற்சாலை இருக்கிறது. 2008 முதல் பிஎம்டபிள்யூ அங்கே பொருத்தப்படுகிறது, மஸ்டாவும் அங்கிருந்து வருகிறது. இவற்றில் எது உள்நாட்டுக் கார்?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். சுங்கத்துறைக்கு முத்திரை முக்கியமில்லை, பொருத்திய இடம்தான் முக்கியம். பாகங்களாக இறக்கி இங்கே பற்றவைத்து, சாயம் பூசி, பூட்டிய கார் சி.கே.டி. முழுதாகக் கப்பலில் வந்திறங்குவது சி.பி.யூ. முழு இறக்குமதிக்கு 30 விழுக்காடு வரை இறக்குமதி வரி உண்டு. தாய்லாந்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வரும் காரில் 40 விழுக்காட்டு மதிப்பாவது ஆசியான் நாடுகளில் உருவாகியிருந்தால் அந்த வரி இல்லை. கலால் வரியோ, உள்ளூரில் பூட்டிய காருக்கும் உண்டு. ஆனால் உள்ளூர்ப் பாகங்களை வாங்கும் தொழிற்சாலைக்கு அதில் சலுகை கிடைக்கிறது. கூலிம் பிஎம்டபிள்யூவின் விலை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை, கோவிட் காலச் சலுகையாக, சி.கே.டி. கார்களுக்கு விற்பனை வரி முழுவதும் தள்ளுபடியானது; சி.பி.யூ.வுக்குப் பாதிதான். அந்த இரண்டாண்டில் 'இது லோக்கலா?' என்ற கேள்வியின் விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். இப்போது அதே நிலை மின்சாரக் கார்களுக்கு. முழு இறக்குமதிக்கான வரிவிலக்கு 2025 இறுதியோடு முடிந்தது. உள்ளூரில் பூட்டுவதற்கு 2027 இறுதிவரை அறிவிக்கப்பட்டது. விற்பனையாளர் 'லோக்கல்' என்றால், எந்தத் தொழிற்சாலை என்று கேளுங்கள்.

'தேசியக் கார்' என்பது இன்னொரு கணக்கு. அது புரோட்டோனையும் பெரோடுவாவையும் குறிக்கும். மலாக்கா பெகோவில் பூட்டிய ஹோண்டா அதில் சேராது. வேடிக்கை என்னவென்றால், 2018 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70 முழுதாகச் சீனாவிலிருந்து வந்தது. தஞ்சோங் மாலிமில் பூட்டியது 2020 பிப்ரவரியில்தான் விற்பனைக்கு வந்தது. ஆக, தேசிய முத்திரையோடு ஓர் இறக்குமதிக் கார்! பழைய எக்ஸ்70 வாங்குபவர் எந்த ஆண்டு வண்டி, எங்கே பூட்டியது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேச வேண்டும். முழு இறக்குமதி என்றாலே தரம் கூடுதல் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. 'சி.பி.யூ. காடி' என்று சொல்லி இரண்டாயிரம் ரிங்கிட் ஏற்றிக் கேட்பவருக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வராது.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. வாகனக் கிராண்டில் 'ஸ்தாதுஸ் அசால்' என்ற கட்டம் இருக்கிறது. உள்நாட்டில் பொருத்தியதா, புதிதாக இறக்குமதியானதா, பயன்படுத்திய பிறகு இறக்குமதியானதா என்பதை அது சொல்லிவிடும். சேஸிஸ் எண்ணும் துப்புக் கொடுக்கும். முதல் எழுத்து 'பி', இரண்டாவது 'எல்' முதல் 'ஆர்' வரை என்றால் மலேசியக் குறியீடு. 'ஜே' ஜப்பான், 'டபிள்யூ' ஜெர்மனி, 'எல்' சீனா. சில நிறுவனங்கள் தாய்நாட்டுக் குறியீட்டையே போடுவதும் உண்டு என்பதால் கிராண்டுதான் உறுதியான சான்று. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்ட் கார்கள் பலவற்றில் 17 இலக்க எண்ணே இருக்காது.

புதுக் காருக்கு முன்பணம் கட்டும்போது சி.கே.டி.யா சி.பி.யூ.வா என்பதை ஆர்டர் பாரத்தில் எழுதி வாங்குங்கள். பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பொய் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் பயனுள்ளது: விற்ற பொருள் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும், உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் நியாயமான அளவில் கிடைக்க வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவர் அல்லது விநியோகித்தவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். 'பாகம் ஊரிலிருந்து வரணும்' என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பவரிடம் இதைச் சொல்லலாம்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். காரின் விலை அந்த வரம்பைத் தாண்டினாலும், தவறான தகவலால் கூடுதலாகக் கொடுத்த தொகையை மட்டும் கேட்கலாம். பாரம் நிரப்ப உதவி வேண்டுமானால் மஸ்ஜிட் நெகிரி சாலையில் (நமக்கு இன்னும் கிரீன் லேன்தான்) பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

அண்டை வீட்டுக்காரரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு இந்த வழி இல்லை. வியாபாரமாக விற்பவர்மீதுதான் பயனீட்டாளர் சட்டம் பாயும். அங்கே கிராண்டைப் பார்த்த பிறகுதான் முன்பணம்.