ஐந்து வயதுக்குக் கணையத்தை எப்படி விளக்குவது?

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பொம்மையின் வண்ணப் புகைப்படத்தை வைத்தால், அது சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. கையை நீட்டி எடுக்கப் பார்க்கும். வரவில்லை என்றால் தாளைத் தடவும், சுரண்டும். உளவியலாளர் ஜூடி டெலோச் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்தது. அமெரிக்கக் குழந்தைகள் செய்ததையே ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் குழந்தைகளும் செய்தார்கள். 19 மாத வயதுக்குள் இந்த முயற்சி ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. எடுக்க நீண்ட கை, இப்போது ஒற்றை விரலால் சுட்டிக் காட்டுகிறது.

இடைப்பட்ட அந்தப் பத்து மாதங்களில் குழந்தை ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது: தாளில் இருப்பது வேறு, அது குறிக்கும் பொருள் வேறு. 2004இல் மெலிசா ப்ரைஸ்லர், சூசன் கேரி என்ற இரு ஆய்வாளர்கள் 18 மாத, 24 மாதக் குழந்தைகளுக்கு, முட்டை அடிக்கும் கருவியின் கோட்டோவியத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு அது புதிய பொருள். பிறகு ஓவியத்தையும் நிஜக் கருவியையும் சேர்த்து வைத்து, பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். குழந்தைகள் அந்தப் பெயரை ஓவியத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை; நிஜக் கருவியைத் தேடி எடுத்தார்கள். பேச்சே முழுதாக வராத வயதில், பார்த்திராத ஒன்றைப் படத்தின் வழியே தெரிந்துகொள்ளும் கதவு திறந்துவிடுகிறது.

நாட்பட்ட நோயோடு வாழும் குழந்தைக்கு இந்தத் திறன் மிக மிகத் தேவை. அதன் நோய் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. டைப் 1 சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில், லாங்கர்ஹான் திட்டுகள் என்ற சின்னஞ்சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் 1869இல் இவற்றை விவரித்தார். அங்கே உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரப்பவை. கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், இந்தச் செல்களையே எதிரி என்று எண்ணி அழித்துவிடுவதுதான் டைப் 1.

1922க்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. அந்த ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டு அவன் உயிர் காக்கப்பட்டது. இன்று இன்சுலின் கிடைக்கும் இடங்களில் இந்தக் குழந்தைகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய் வாழ்கிறார்கள். ஆனால் பலருக்கு அதன் விலை, நாளுக்கு நான்கு ஊசி, விரல் நுனியில் பலமுறை குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது, சாப்பாட்டை அளப்பது. ஐந்து வயதுக் குழந்தை இதற்கெல்லாம் என்ன காரணம் என்று நினைத்துக்கொள்ளும்?

சொல்லாமல் விட்டால்

உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளிடம் அவர் சொன்ன ஒரு கதை இருக்கிறது. திருடிவிட்டு ஓடும் சிறுவன் ஒரு பாலத்தின் மேல் போகிறான். பலகை உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? சிறு குழந்தைகளில் பெரும்பாலானோர், விழுந்திருக்கமாட்டான் என்றார்கள். கெட்டது நடந்தால் அது தண்டனை என்பது அந்த வயதின் கணக்கு. 1980இல் ஆய்வாளர்கள் ரோஜர் பிபேசும் மேரி வால்ஷும் நோயைப் பற்றிய குழந்தைகளின் விளக்கங்களைத் தொகுத்தபோது, பக்கத்தில் நின்றாலே எந்த நோயும் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணமும் சிறு குழந்தைகளிடம் காணப்பட்டது.

இந்தத் தண்டனைக் கணக்குக்கு நம் வீடுகள் எண்ணெய் ஊற்றுகின்றன. “சேட்டை பண்ணினா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்” என்று மிரட்டாத வீடு எத்தனை? தினமும் நான்கு ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை அதைக் கேட்டு வளர்ந்தால், தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாகத்தான் முடிவு கட்டும். போதாக்குறைக்கு, “மிட்டாய் மிட்டாயா தின்னா இப்படித்தான்” என்று உறவினர் யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். மிட்டாய் தின்றதால் டைப் 1 வருவதில்லை. குழந்தையோ தாயோ செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், எதற்குச் சொல்லிப் பயமுறுத்துவது என்று பெரியவர்கள் நினைப்பது அன்பினால்தான். ஆனால் மௌனம் எதையும் மறைப்பதில்லை. மானுடவியலாளர் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோயோடு இருந்த 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளோடு பழகி, 1978இல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நிலையைப் படிப்படியாகத் தெரிந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று, தெரியாதது போலவும் இருந்தார்கள்.

மறுபக்கம் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. நோய்க்கு மற்றவர் சொல்லும் காரணம் சரியா, தப்பா என்று ஆய்வாளர் மைக்கேல் சீகல் 1988இல் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டார். குறும்பு செய்ததால் சளி பிடித்தது என்ற விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆக, குழந்தையின் மூளை உண்மையைத் தாங்காது என்பது சரியல்ல. அதற்கு உண்மை வந்து சேர்வதில்லை என்பதுதான் சிக்கல்.

படத்தில் என்ன இருக்கவேண்டும்?

படக்கதையால் உடலின் இயக்கத்தை உண்மையிலேயே விளக்க முடியுமா? பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டெபோரா கெலிமன் குழுவினர் இதைவிடக் கடினமான ஒன்றை முயன்றார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களே தடுமாறும், பரிணாமக் கோட்பாட்டின் இயற்கைத் தேர்வை, கற்பனை விலங்கு ஒன்றின் படக்கதையாக்கி 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். 2014இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. குழந்தைகள் அந்தக் காரணச் சங்கிலியைப் புரிந்துகொண்டதோடு, வேறொரு விலங்குக்கும் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் மறக்கவில்லை. கதை ஆறுதல் சொன்னதோடு நிற்காமல், இதனால் இது, அதனால் அது என்று முழுக் காரணத்தையும் வரிசையாகக் கொடுத்தது. அதில்தான் வெற்றி.

சர்க்கரை நோய்க்கான படப்புத்தகங்கள் இன்சுலினைப் பெரும்பாலும் சாவியாக வரைகின்றன. சாப்பாட்டிலிருந்து வந்த குளுக்கோஸ், ரத்தத்தில் மிதந்து செல்லின் வாசலில் நிற்கிறது. சாவி கதவைத் திறந்தால்தான் உள்ளே போகமுடியும். இது நல்ல ஒப்புமை. உண்மைக்கும் கிட்டத்தில் இருக்கிறது. தசைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் இன்சுலின் பொருந்தியதும், செல்லுக்குள் காத்திருக்கும் கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. சாவியை வைத்தே குழந்தையின் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லலாம். ஏன் மாத்திரையாக விழுங்கக்கூடாது? இன்சுலின் ஒரு புரதம். வயிறு அதைச் சாப்பாடு என்று நினைத்துச் செரித்துவிடும். அதனால்தான் ஊசி. இந்த ஒரு பக்கம், ஊசியைத் தண்டனை என்ற இடத்திலிருந்து காரணம் என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

கதாபாத்திரம் யார் என்பதும் முக்கியம். டிஸ்னி நிறுவனமும் எலி லில்லி மருந்து நிறுவனமும் 2011இல் கொண்டுவந்த கதைகளில், டைப் 1 உள்ள கோகோ என்ற குரங்கு வருகிறது. பயந்துபோன குழந்தை, தன் பயத்தை முதலில் ஒரு குரங்கின் மேல் ஏற்றிப் பார்ப்பது எளிது. ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கனேயாவும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனைகள் ஓர் எச்சரிக்கை தருகின்றன. பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் படித்தபோது, மனிதக் கதாபாத்திரங்கள் வந்த கதையைக் கேட்டவர்களே பின்னர் அதிகம் பகிர்ந்தார்கள். சட்டை போட்ட விலங்குகள் வந்த கதைக்கு அந்தப் பலன் இல்லை. குழந்தை தன் வாழ்க்கையில் செய்யவேண்டியதைக் கற்றுக்கொடுக்க, தன்னைப் போலவே இருக்கும் ஒரு குழந்தையின் கதைதான் உதவும் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அந்தக் குழந்தை யூனிஃபார்ம் போட்டு ஆட்டோவில் பள்ளிக்குப் போகட்டும். டிபன் பாக்ஸில் இட்லி இருக்கட்டும். இட்லிக்கு முன்னால் ஊசி போடும் இன்சுலின் பேனாவும் வரட்டும்.

வகுப்புத் தோழர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும். தொட்டால் ஒட்டாது, சேர்ந்து விளையாடலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அது சொல்லவேண்டும். கடைசிப் பக்கத்தில் பொய் கூடாது. நோய் ஓடிப்போய்விட்டது என்று முடியும் கதை, மறுநாள் காலை ஊசி வரும்போது குழந்தையை ஏமாற்றிவிடும். நோய் இருக்கும், நீயும் ஓடுவாய், படிப்பாய், பிறந்தநாள் கேக்கும் அளவோடு உண்டு என்று முடிவதே நேர்மையான முடிவு.

ஒருமுறை படித்துக் காட்டினால் போதாது. ஆய்வாளர் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011இல் காட்டியது போல, மூன்று வயதுக் குழந்தைகள் புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டதைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் நன்றாகக் கற்றார்கள். “இன்னொரு தடவை” என்று குழந்தை கேட்பது பிடிவாதம் அல்ல. அது பாடம் படிக்கிறது. பெற்றோர் சொல்லத் தயங்கும் நாட்களில்கூட, புத்தகம் அதே வார்த்தைகளை மாற்றாமல் சொல்லும்.

இப்படிப் புரிந்துகொள்வதற்கு உயிர்காக்கும் பயனும் உண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். கவனிக்காவிட்டால் மயக்கமும் வலிப்பும் வரலாம். அந்த நடுக்கத்தின் பெயர் தெரிந்த குழந்தை, “மிஸ், எனக்கு சுகர் இறங்குது” என்று சொல்லும். உடனே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கிடைத்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் தேறிவிடும். பெயர் தெரியாத குழந்தை, பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்ளும்.

டைப் 1இல் மருத்துவரைப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் வைத்தியம் பார்ப்பது வீடும் அந்தக் குழந்தையும்தான். எனவே புரிந்துகொள்வதும் மருந்தின் ஒரு பகுதி. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் யாரும் படக்கதை எழுதலாம், மொழிபெயர்க்கலாம், இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். கருவி கையில் இருக்கிறது. ஓவியரும் எழுத்தாளரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்தால், முதல் இன்சுலின் பேனாவோடு சேர்த்து ஒரு தமிழ்ப் படப்புத்தகத்தையும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்தனுப்ப முடியும். கொடுக்கத்தான் வேண்டும்.