அறுவைக்கு முன்பே ஓர் இரத்தக் கணக்கு

இதய அறுவைக்கு வருவோருள் யாருக்கு இரத்தம் ஏற்ற நேரும் என்பதை முன்கூட்டியே கணிப்பதற்காக, கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் 2006-இல் 'டிரஸ்ட்' என்னும் மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது 65-ஐத் தாண்டியிருத்தல், பெண்ணாக இருத்தல், எடை 77 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13.5 கிராமுக்கும் குறைந்திருத்தல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் உயர்ந்திருத்தல், முன்பே இதய அறுவை நடந்திருத்தல், அவசரமாக அறுவை செய்ய நேர்தல், ஒரே வேளையில் பல சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்தல் ஆகிய எட்டில் பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது.

இவற்றுள் எடைக்கு இடம் கிடைத்த காரணம் விளக்கத்தக்கது. அறுவையின்போது இதயத்தின் வேலையை ஏற்கும் இதய–நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் உப்புக் கரைசல் போன்ற திரவத்தால் நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை தேவைப்படும் அத்திரவம் நோயாளியின் இரத்தத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஒன்றரை லிட்டர் கலப்பதாகக் கொண்டால், ஐந்து லிட்டர் இரத்தமுள்ள ஆணின் ஹீமோகுளோபின் 13-லிருந்து 10-க்கு இறங்கும். மூன்று லிட்டரே உள்ள மெலிந்த பெண்ணுக்கோ அதே 13, ஒன்பதுக்கும் கீழே போய்விடும். அவர் இரத்தசோகையால் 10 கிராமோடு வந்திருந்தால், இயந்திரத்தோடு இணைத்தவுடனேயே ஏழுக்கும் குறைந்துவிடும்.

வயதையும் பாலினத்தையும் மாற்ற இயலாது. இரத்தசோகையைப் பெரும்பாலும் மாற்றலாம். காத்திருக்கக்கூடிய அறுவையெனில், இரும்புச்சத்துக் குறைபாட்டைச் சில வாரங்களுக்கு முன்பே கண்டறிந்து மாத்திரையாகவோ சிரைவழி ஊசியாகவோ ஈடுசெய்ய முடியும். கணிப்பின் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது. இரத்த வங்கியில் பைகளை ஒதுக்கிவைப்பது அதற்கு அடுத்ததே.

ஆயினும் இம்முறை கணிப்பது நோயாளியின் உடலை மட்டுமன்று, மருத்துவர் எந்த அளவில் இரத்தம் ஏற்ற முடிவுசெய்கிறார் என்பதையும் சேர்த்தே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான 'டிரிக்ஸ்–3' ஆய்வில், ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே இறங்கிய பின்னரே இரத்தம் ஏற்றிய பிரிவில் சுமார் 52 சதவீதத்தினரும், அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சையிலும் 9.5-ஐ எல்லையாகக் கொண்ட பிரிவில் சுமார் 73 சதவீதத்தினரும் இரத்தம் பெற்றனர். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றை ஒருங்கே நோக்கியபோது, குறைவாக ஏற்றிய முறை மற்றதைவிடத் தாழ்ந்ததாக இல்லை.

கனடியரை வைத்து வகுத்த எல்லைகளைத் தமிழகத்துக்கு அப்படியே கொண்டுவருவதும் பொருந்தாது. இங்கு 77 கிலோவை எட்டாத, 13.5 கிராம் ஹீமோகுளோபின் இல்லாத பெண்களே மிகுதி என்பதால், நோயின் கடுமையைப் பாராமலே அவர்களுள் பலருக்கு மூன்று மதிப்பெண் சேர்ந்துவிடும். ஆகவே இங்குள்ள மருத்துவமனைகள் தம் நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டே எடைக்கும் ஹீமோகுளோபினுக்கும் உரிய எல்லைகளைப் புதிதாக வகுத்துக்கொள்ள வேண்டும்.