காந்திகிராமம்: மருத்துவமனைக்குப் பின் வந்த பல்கலைக்கழகம்

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றதும் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டணம்தான். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும் சட்டப்படி நிகர்நிலைதான். ஆனால் அதை நடத்துவது தனியார் அல்ல. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ், பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் இயங்குகிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் அம்பாத்துரையில் இறங்க வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகம் என்றால் முதலில் சட்டம், கட்டடம், துறைகள் என்று வரும். ஊருக்குச் செய்யும் பணி பின்னால் ஒரு முகாமாகவோ திட்டமாகவோ ஒட்டிக்கொள்ளும். இங்கே வரிசை நேர்மாறு. 1947இல் காந்திகிராமம் தொடங்கியபோது பல்கலைக்கழகம் என்ற பேச்சே இல்லை. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம், ஆதாரக் கல்வி, கதர், கைத்தொழில் என்றுதான் வேலை ஆரம்பித்தது. சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை.

காந்திகிராமத்தைத் தொடங்கிய இருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டே உலகம். அவரோ டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். ஜி. ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்து, காந்தியின் ஆசிரமத்தில் பழகியவர். இவர்கள் இருவரின் சாதி கடந்த திருமணம் 1940இல் காந்தியின் முன்னிலையில் நடந்தது. பிறகு கஸ்தூர்பா நினைவு நிதியின் தமிழகப் பொறுப்பை காந்தி சௌந்தரத்திடம் கொடுத்தார். அந்தப் பொறுப்பில் செய்த வேலைதான் சின்னாளபட்டிப் பக்கம் வேர்விட்டது.

படிப்பு வந்த கதை டில்லியில் தொடங்குகிறது. 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு, கிராமங்களுக்கென்றே தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கே.எல். ஸ்ரீமாலி தலைமையில் இன்னொரு குழு வந்து, அதைச் சற்றுச் சுருக்கி, கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கலாம் என்றது. ஏற்கெனவே கிராமப் பணி நடந்துகொண்டிருந்த இடங்களாகப் பார்த்து 1956 முதல் அவை அமைக்கப்பட்டன. தமிழகத்தில் காந்திகிராமம் ஒன்று, கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்தியாலயம் இன்னொன்று.

சிக்கல் சான்றிதழில் வந்தது. மூன்றாண்டு படித்தவருக்குப் பட்டம் கிடையாது. கிராமப் பணிப் பட்டயம்தான். பட்டத்துக்குச் சமம் என்று மத்திய அரசு சொன்னாலும், மேற்படிப்புக்கு இடம் கேட்டுப் போனால் பல்கலைக்கழகங்கள் தயங்கின. வயலை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பனிடம் போய், பட்டத்தைவிட சேவை பெரிது என்று யாரால் சொல்ல முடியும்? எடுத்த எடுப்பிலேயே கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தனித் தராசு வைத்தது இந்தத் திட்டத்தின் பெரிய கோளாறு என்பது என் எண்ணம். நாடெங்கும் இருந்த கிராமிய நிறுவனங்களில் பெரும்பாலானவை கடைசியில் வழக்கமான கல்லூரிகளாகிவிட்டன. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைத் தகுதி பெற்று, தானே பட்டம் வழங்கத் தொடங்கியது. பெயரில் ‘கிராமிய’ என்ற சொல்லையும் விட்டுவிடவில்லை.

கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என்று மூன்று நோக்கங்களைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. மூன்றாவதுதான் விளக்கம் வேண்டுவது. விரிவாக்கம் என்றால் கல்லூரியில் தெரிந்துகொண்டதை ஊருக்குக் கொண்டுபோவது, ஊரில் உள்ள பிரச்சினையைப் பாடத்துக்குக் கொண்டுவருவது. இதற்காக மாணவர்கள் ஒரு கிராமத்தில் சில நாள் தங்குகிறார்கள். இத்தகைய முகாம்களில் கையாளும் முறை ஒன்று பார்க்கச் சுவையானது. தெருவில் ஊர்க்காரர்களைக் கூட்டி, கோலப்பொடியால் தரையில் அந்த ஊரின் படத்தைப் போடச் சொல்வார்கள். ஒருவர் கோயிலைப் போடுவார், இன்னொருவர் மேல்நிலைத் தொட்டியைப் போடுவார். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்ற இடம் வந்ததும் பெண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் பிடிபடாத சாதியும் தண்ணீரும் அங்கே அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சாந்தி சேனை இன்னொரு தனி அடையாளம். கலவரத்தில் அமைதி காக்கத் தொண்டர் படை வேண்டும் என்ற காந்தியின் யோசனையை மாணவர் பயிற்சியாக்கியிருக்கிறார்கள்: முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, பேரிடரில் உதவுவது. நாகாலாந்து அமைதி முயற்சியில் பங்கெடுத்த எம். அறம் பிற்காலத்தில் இங்கே துணைவேந்தராக இருந்தது பொருத்தமான நியமனம்.

இன்று ஊரக வளர்ச்சி, கூட்டுறவு, வேளாண்மை ஆகியவற்றோடு கணினி, கணிதம், வேதியியல் எல்லாமே உண்டு. சானிட்டரி இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கென்றே காந்திகிராமத்தைத் தேடி வருகிறவர்களும் உண்டு. கணினி படிக்க வருகிற மாணவனுக்குக் கிராம முகாம் வெறும் மதிப்பெண் சடங்காகிவிடும் அபாயம் இருக்கிறது. அதைச் சடங்காக்குவதும் பாடமாக்குவதும் உடன் போகும் ஆசிரியரைப் பொறுத்தது. சேருவதற்கு முன் விசாரிக்க வேண்டிய விஷயங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அடிக்கடி வருகிற ஒரு குழப்பம். கஸ்தூர்பா மருத்துவமனை, சித்த ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் லட்சுமி சேவா சங்கம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் துறைகள் அல்ல. எல்லாம் ஒரே காந்திகிராமக் குடும்பத்தில் பிறந்தவைதான்; நிர்வாகம் வேறு வேறு. மருத்துவமனைக்கு ‘டோக்கன்’ போடப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.