சாணவண்டின் பெயர் கொம்பில் இல்லை

வால்பாறை வாசகர் ஒருவர் கைபேசிப் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். யானை லத்தியின் ஓரத்தில் ஒரு கறுப்பு வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தலையில் சின்னக் கொம்பு. "செயலியில் போட்டுப் பார்த்தேன், அரிய இனம் என்கிறது. உண்மையா?" என்று கேட்கிறார்.

படத்தை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. பார்வைக்கு ஆன்தோபேகஸ் பேரினம்போலத் தெரிகிறது. அதில் மட்டும் உலகெங்கும் 2,000-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் பலவும் ஒரே அச்சு.

கொம்பு இருக்கிறதே என்பீர்கள். அதை நம்பக் கூடாது. ஆன்தோபேகஸ் டாரஸ் என்ற வண்டில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. தாய் மண்ணுக்கடியில் சேர்த்துவைக்கும் சாணத்தைத் தின்று புழு வளர்கிறது. சாணம் நிறையக் கிடைத்த ஆண், நீண்டு வளைந்த கொம்புகளோடு வெளியே வரும். குறைவாகக் கிடைத்தவனுக்கு முளைதான், சில சமயம் அதுவும் இல்லை. கொம்பை மட்டும் பார்த்தால், அண்ணன் ஒரு சிற்றினம், தம்பி வேறொன்று என்று எழுதிவிட நேரும்.

பிறகு எப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள்? காய்ந்து விறைத்த வண்டை வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். கால்கள் இளகியதும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வயிற்றின் கடைசித் தகட்டுக்கு அடியில் நுனி வளைத்த ஊசியை நுழைத்து, ஆணின் புணர்ச்சி உறுப்பை மெல்ல இழுக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் வளைந்த குழாய் ஒன்று வெளியே வரும். முனையில் இரண்டு மடல்கள், உள்ளே மடிந்து கிடக்கும் மெல்லிய பை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சதையைக் கரைத்த பின் பையை விரித்தால், சுவரில் பதிந்த கெட்டியான நுண்தகடுகள் தெரியும். ஒரு சிற்றினத்தில் தகடு கொக்கியாக வளைந்திருக்கும். அச்சு அசல் அதுபோலவே தோன்றும் இன்னொன்றில் மடிப்பு விழுந்திருக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்வது ஒன்று. தீனி கூடினால் கொம்பு தாறுமாறாக நீளும். இந்த உறுப்பு அப்படி வளர்வதில்லை. 1998-ல் உயிரியலாளர் எபர்ஹார்டும் உடன் ஆய்வாளர்களும் பூச்சிகளிலும் சிலந்திகளிலுமாக 20 சிற்றினங்களை அளந்தார்கள். உடல் பெருத்தாலும் சிறுத்தாலும், மற்ற பாகங்களைவிட இனப்பெருக்க உறுப்பின் அளவு குறைவாகவே மாறுகிறது என்று தெரியவந்தது. வகைப்பாட்டாளர் இதை நம்புவது அதனால்தான்.

ஆனால் சிற்றினத்துக்குச் சிற்றினம் வடிவம் ஏன் இவ்வளவு மாற வேண்டும்? லெயோன் துஃபூர் என்ற பிரெஞ்சுக்காரர் 19-ம் நூற்றாண்டில் சொன்ன விடை, பூட்டும் சாவியும். திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாவியில் ஒரு வெட்டு தப்பினாலும் பூட்டு திறக்காது. அதுபோல் வேற்றினத்து ஆணும் பெண்ணோடு இணைய முடியாது. அழகான விளக்கம்தான். ஆனால் பல பூச்சிகளில் பெண்ணின் உட்பாதை மென்மையானது, இரும்பாக எதிர்த்து நிற்காது. கள்ளச் சாவியும் நுழைந்துவிடும். எனவே 1985-ல் எபர்ஹார்ட் வேறு விளக்கம் தந்தார்: சாவி திரும்பிய பிறகும் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பூட்டுதான். பல ஆண்களோடு இணையும் பெண்ணின் உடலுக்குள்ளேயே, யாருடைய விந்து பயன்பட வேண்டும் என்பது தீர்மானமாகிறது. 2003-ல் ஆய்வாளர்கள் ஹவுஸ், சிம்மன்ஸ் இருவரும் டாரஸ் வண்டில் இதைச் சோதித்தார்கள். நுண்தகடுகளின் வடிவத்தைப் பொறுத்து ஆணுக்குக் கிடைக்கும் வாரிசுகளின் பங்கு மாறியது. பூட்டு தலைமுறைதோறும் விருப்பத்தை மாற்ற, சாவி துரத்திக்கொண்டே போகிறது. ஒரே பட்டறைப் பூட்டுகளை இரண்டு ஊர்களில் பிரித்து வைத்தால், காலப்போக்கில் இந்த ஊர்ச் சாவி அந்த ஊர்ப் பூட்டுக்கு ஒத்துவராது. உடலின் வெளித்தோற்றம் பிரியுமுன் இந்த உறுப்பு பிரிந்துவிடுவது இப்படித்தான்.

வண்டுகளுக்குப் பெயர் வைத்த வரலாறு சுருக்கமானது. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் தொடங்கிவைத்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ், தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் இருந்தபடியே பெயர் வைத்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சாணவண்டுகளைத் தொகுத்து கில்பர்ட் ஆரோ 1931-ல் எழுதிய நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அடுத்து, 'அரிய' என்ற சொல். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயர் பெற்ற வண்டுகள் உண்டு. அவை உண்மையிலேயே அரிதாக இருக்கலாம். நாம் சரியாகத் தேடாமலும் இருக்கலாம். மாட்டுச் சாணி வைத்த பொறியில், குரங்கின் எச்சத்தை நாடும் வண்டு எளிதில் விழாது. மழைக்காலத்தில் வெளிவருவதைக் கோடையில் தேடிப் பயனில்லை. அடையாளம் காண டிஎன்ஏ வந்துவிட்டது, இனி ஊசி எதற்கு என்ற பேச்சும் கேட்கிறது. அடையாளம் தெரியாத பெண் வண்டை அதன் ஆணோடு சேர்த்துவைக்க டிஎன்ஏ பெரிதும் உதவுகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெயருள்ள மாதிரி ஒன்று வேண்டும். அந்தப் பெயரை, யாரோ ஒருவர் ஊசி பிடித்துச் சரிபார்த்த ஆண் வண்டுதான் தர வேண்டும். செயலிக்கும் இதே கதிதான். படத்தில் இல்லாததை அது எங்கிருந்து பார்க்கும்?

வால்பாறை வாசகருக்கு என் வேண்டுகோள்: வண்டைப் பிடிக்காதீர்கள், காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். படத்தோடு இடம், தேதி, நேரம், எந்த விலங்கின் சாணம் என்ற நான்கையும் எழுதிவையுங்கள். ஆய்வாளர் எங்கே, எப்போது, எந்தச் சாணத்தில் தேட வேண்டும் என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.