வெளிநடப்புக்குப் பிறகு நகர்மன்றத்தில் நடப்பது

உள்ளூர்ப் பக்கத்தில் நகர்மன்றக் கூட்டச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். காலிக் குடத்தோடு வந்த பெண் கவுன்சிலர், தரையில் உட்கார்ந்து தர்ணா, மைக்கைப் பிடுங்கியதால் தள்ளுமுள்ளு, எதிர்க்கட்சி வெளிநடப்பு. இதெல்லாம் முடிந்தபின் கடைசி வரியில், 'பின்னர் 64 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன' என்பது மாதிரி ஒன்று இருக்கும். நாம் தகராறைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். குடத்தில் தண்ணீர் வராததற்கான காரணம் பல சமயம் அந்த 64-க்குள்தான் கிடக்கிறது. டீ சூடாகத்தான் இருக்கிறது. அது ஆறுவதற்குள் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நகர்மன்றம் மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு நகராட்சி ஊழியர் ஒருவர் கவுன்சிலர் வீட்டில் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போவார். அதுதான் அஜெண்டா. உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு ந.க. எண் (கோப்பு எண்), 'பார்வை' என்ற தலைப்பில் பழைய கடிதங்களின் தேதிகள், பிறகு விஷயம். ந.க. எண்ணோடு ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தாலே கோப்பு எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். இ என்றால் பெரும்பாலும் பொறியியல், எச் என்றால் சுகாதாரம். எழுதுவது கவுன்சிலர் அல்ல, அலுவலகம். பிரிவு எழுத்தர் எழுதி, மேலதிகாரிகள் வழியாக ஆணையாளரிடம் போய், தலைவரின் ஒப்புதலோடு மன்றத்துக்கு வருகிறது.

அலுவலகத் தமிழை நீங்கள் அறிவீர்கள். ஒரே வாக்கியம் 'எனவும்', 'எனவும்' என்று பக்கம் முழுக்க ஓடி, கடைசியில்தான் மூச்சு விடும். அதனால் அனுபவப்பட்ட கவுன்சிலர்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குவார்கள். 'மன்றத்தின் அனுமதிக்கு' என்று முடிந்தால் வேலை இனிமேல்தான் நடக்கப்போகிறது. 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்' என்றால் தகவல் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 'பின்னேற்பு' என்று வந்தால் வேலை முடிந்துவிட்டது, செலவு ஆகிவிட்டது, இப்போது மன்றம் தலையை ஆட்ட வேண்டும்.

இந்தப் பின்னேற்பில் கொஞ்சம் நிற்போம்.

அவசரம் என்று ஒன்று உண்டு, மறுக்க முடியாது. நீரேற்று நிலையத்தில் ராத்திரி மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து. அதுவரை ஊர் தாங்காது. அதனால் மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கித் தலைவரின் முன் அனுமதி வாங்கி வேலையை முடித்துவிட்டு, பிறகு பின்னேற்புக்கு வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சங்கடம் எங்கே வருகிறதென்றால், ஒவ்வொரு பொருளும் தனியாக வரும்போது நியாயமாகவே தெரிகிறது. ஒரு மாதிரிக்கு வைத்துக்கொள்வோம்: 'மோட்டார் ரீவைண்டிங் செலவு ரூ.38,500'. யார் கேள்வி கேட்பார்கள்? ஏப்ரலில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, நவம்பரில், பிப்ரவரியில். நான்கு கூட்டங்களின் அஜெண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே மோட்டார், 1,54,000 ரூபாய். இந்தப் பணத்துக்குப் புது மோட்டாரே வந்திருக்குமா, காயில் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது, மின்னழுத்தம் குறைவா, கிணற்றில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடுகிறதா என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும். தண்ணீர்ப் பஞ்சத்தின் முதல் அறிகுறிகூட இப்படி ரீவைண்டிங் பில்லில் தெரியலாம்.

இன்னொன்றும் உண்டு. தெருவிளக்குச் சாமான், பிளீச்சிங் பவுடர், லாரி வாடகை, குழாய் உடைப்பு ஆகியவை டெண்டர் தேவைப்படும் தொகைக்குக் கொஞ்சம் கீழேயே நின்று நின்று வந்தால், ஒரு பெரிய வேலையைத் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைக்கான சட்டம் தமிழ்நாட்டில் 1998-லேயே வந்துவிட்டது. துண்டு போட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் போய்விடலாம். எல்லாத் துண்டும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஸ்டோரில் சாமான் இருப்பு வைக்காத அலுவலகமும் இப்படித்தான் தவணை தவணையாக வாங்கும். திருட்டா, நிர்வாகக் கோளாறா என்பது ஒற்றைப் பொருளில் தெரியாது, வரிசையில்தான் தெரியும்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது? எழுத்தர் எண்ணை வாசிக்கிறார். 'பொருள் 17...' என்று முடிப்பதற்குள் ஒரு குரல், 'ஆல் பாஸ்!' முடிந்தது. மொத்தக் கட்டும் பத்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். இதை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அறுபது பொருளையும் பேசினால் விடிந்துவிடும். அமெரிக்காவின் சிறு நகர மன்றங்களிலும் வழக்கமான காரியங்களை 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஓட்டில் முடிக்கிறார்கள். ஆனால் கட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்துத் தனியாகப் பேச வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டால் அதைப் பிரித்து எடுத்துவிடுவது அங்கே நடைமுறை. எது வழக்கமானது, எது விவாதத்துக்குரியது என்று அஜெண்டாவிலேயே பிரித்தும் வைத்திருப்பார்கள். நம் ஊரில் மோட்டார் ரிப்பேரும், பேருந்து நிலையக் கடை ஏலமும், பல கோடி ரூபாய் வடிகாலும் ஒரே கட்டில் அடுத்தடுத்த எண்களில் வருகின்றன. 'ஆல் பாஸ்' என்றால் எல்லாமே பாஸ்.

கவுன்சிலரே இல்லாத காலத்தில் இது இன்னும் சுலபமாக இருந்தது. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. நகராட்சிகளில் ஆணையாளரே தனி அலுவலர். ஆணையாளராக இருந்து குறிப்பு வைப்பார், தனி அலுவலராக இருந்து அதற்குத் தீர்மானம் போடுவார். காகிதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது! அந்தப் பழக்கத்தில் ஊறிய அலுவலகத்துக்குத் திடீரென்று முப்பது பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

சரி, செலவைப் பார்த்தோம். பிரிவுகளின் கணக்குகள்?

வருவாய்ப் பிரிவின் உயிர் 'கேட்பு, வசூல், நிலுவை' என்ற மூன்று கட்டப் பட்டியலில் இருக்கிறது. கேட்பு என்றால் வர வேண்டியது, வசூல் வந்தது, நிலுவை வராதது. இதில் பழைய பாக்கி ஒரு வரி, நடப்பாண்டு ஒரு வரி. எளிதாகத் தெரிகிறது அல்லவா? ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். சொத்து வரியில் நடப்புக் கேட்பு 2 கோடி, பழைய பாக்கி 1 கோடி. வருட முடிவில் வசூல் 1 கோடியே 80 லட்சம். நடப்புக் கேட்போடு வைத்துப் பார்த்தால் 90 சதவீதம். கைதட்டலாம். ஆனால் வசூலானதில் 30 லட்சம் பழைய பாக்கி என்றால், நடப்பில் வந்தது ஒன்றரைக் கோடிதான், 75 சதவீதம். மொத்தக் கேட்பு 3 கோடியோடு வைத்தால் 60 சதவீதம். மூன்றும் பொய் இல்லை. எந்தச் சதவீதத்தைச் சொல்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். மேடையில் 90 என்று கேட்டால், 'எதில் 90?' என்று கேளுங்கள். அடுத்தபடியாக, அந்த 1 கோடி பாக்கியில் வழக்கில் கிடப்பது எவ்வளவு, முதல் இருபது பாக்கிதாரர்கள் யார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி கேட்டவுடன் மன்றத்தில் ஓர் அமைதி வரும். பாக்கிதாரர்களில் சிலர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை. 15-ஆவது நிதிக்குழு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைச் சில நிபந்தனைகளோடு சேர்த்தே வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வரி வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும், தணிக்கை செய்த கணக்கைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரி ஏறியபோது அரசு காட்டிய காரணங்களில் இந்த நிபந்தனையும் ஒன்று. ஆக, பெரிய பாக்கிதாரர் கட்டாமல் விட்டதன் சுமை, ஒழுங்காகக் கட்டுகிற 600 சதுர அடி வீட்டுக்காரர் தலையிலும் வந்து விழுகிறது.

சுகாதாரப் பிரிவின் கணக்கில் பிறப்பு, இறப்பு எண்ணிக்கை வரும். பேரூராட்சிகளில் வரவு செலவும் பிறப்பு இறப்பும் அஜெண்டாவின் முதல் சில பொருள்களாக வருவது வழக்கம். யாரும் நின்று பார்ப்பதில்லை. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அரசு மருத்துவமனை உள்ள ஊரில் சுற்றுப்பட்டுக் கிராமத்துக் குழந்தைகள் எல்லாம் அந்த ஊர்க் கணக்கில்தான் பிறக்கின்றன. பக்கத்துச் சிற்றூரில் வருடம் முழுக்க ஒரு பிரசவம்கூடப் பதிவாகாமல் போகலாம். அதனால் இந்த எண்ணை வைத்து ஊர் வளர்கிறது, தேய்கிறது என்று பேசுபவர்களை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் இறப்பு எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடினால் மட்டும் கவனியுங்கள். குப்பைக் கணக்கில் நாளுக்கு இத்தனை டன் என்று இருக்கும். எடை மேடை இல்லாத ஊரில் அந்த டன் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வி போதும்.

பொறியியல் பிரிவின் குடிநீர்க் கணக்கு, நபருக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று வரும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஏற்றிய தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். வகுக்கும் மக்கள்தொகை எது? பெரும்பாலும் 2011 கணக்கெடுப்பு. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்காமல் தள்ளிப்போனது. ஊர் விரிந்த பிறகும் பழைய எண்ணால் வகுத்தால் தலைக்குக் கூடுதல் தண்ணீர் கிடைப்பதாகத்தான் கணக்கு காட்டும். வழியில் கசிந்ததும் அதில் சேர்த்தி. மேட்டுத் தெருவுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை வருவது சராசரியில் தெரியவே தெரியாது. வார்டு வாரியாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் காலிக் குடத்துக்கும் கணக்குக்கும் சம்பந்தம் வரும்.

நகரமைப்புப் பிரிவை இன்று விட்டுவிடுவோம், அதற்கு இன்னொரு டீ வேண்டும்.

எனக்கு உள்ள பெரிய வருத்தம் வேறு. இந்தக் கணக்குகளையெல்லாம் பிரிவுகள் தயாரிக்காமல் இல்லை. மாதாமாதம் தயாராகி மண்டல இயக்குநர் அலுவலகத்துக்கும் சென்னைக்கும் மேலே போகின்றன. ஆய்வுக் கூட்டத்தில் ஆணையாளர் அங்கே பதில் சொல்கிறார். ஆனால் அதே கட்டடத்தில், படியேறினால் இருக்கும் மன்றக் கூடத்துக்கு அவை முழுதாக வந்து சேர்வது அபூர்வம். மன்றத்துக்கு வருவது கையெழுத்துக் கேட்கும் காகிதம். கேள்வி கேட்க உதவும் காகிதம் மேலே போய்விடுகிறது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறியது, 'ஆல் பாஸ்' மாறவில்லை. ராஜாஜி சேலத்துக்கும் ஈ.வெ.ரா. ஈரோட்டுக்கும் நகராட்சித் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். குழாய்க்கும் சாக்கடைக்கும் வரிக்கும் கோப்பு பார்த்துத்தான் அவர்களும் வந்தார்கள். இது கீழான வேலை என்று எந்தக் கவுன்சிலரும் நினைக்க வேண்டியதில்லை.

கவுன்சிலர் கேட்காவிட்டால் நாம் கேட்கலாம். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன, அங்கே எழுந்து கேட்கலாம். அதற்குத் தயக்கமாக இருந்தால், வெள்ளைத் தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கடந்த ஓராண்டின் அஜெண்டா நகல், தீர்மானப் புத்தக நகல், சொத்து வரியின் கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல் (நடப்பும் பாக்கியும் தனித்தனியாக) என்று மூன்றையும் கேளுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் தர அவர்களுக்கு 30 நாள், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.